புதன்கிழமை துவைத்த சட்டைகள்

கிரிம்ஸ்பி,
திங்கட்கிழமை, 7 டிசம்பர் 1914

அன்பு மகள் செலீனாவுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை டோராவும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அடுத்த வரியில் இங்கே நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம், ஒன்பது வருஷமாக மாதம் தவறாமல் எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போதகர் கொடுத்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். தம்பி ரூபென் போய்விட்டான் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருந்திருக்காது, மிச்சத்தை நான்தான் எழுத வேண்டும், எழுதாமலே மூன்று வாரத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களை இப்போது யாரோ பிரித்துப் படிக்கிறார்களாம், கப்பலின் பெயரை எழுதக் கூடாதாம், போன இடத்தை எழுதக் கூடாதாம். நான் எழுதவில்லை. ஒரு தாய் தன் மகளிடம் ஒப்புக்கொள்ளும் குற்றத்தைப் படித்து அவர்களுக்கு என்ன கிடைக்கப் போகிறதோ, படித்துவிட்டுப் போகட்டும்.

நீ விட்டுப் போன கிரிம்ஸ்பி இல்லை இது. ஆகஸ்டிலேயே நல்ல மீன்பிடிக் கப்பல்களையெல்லாம் கடற்படை எடுத்துக்கொண்டது, ஆட்களையும் சேர்த்து. அதே கப்பல், அதே பையன்கள், வலைக்குப் பதில் ஒரு கம்பிவடம். இரண்டு கப்பல் ஜோடியாகப் போகும், நடுவில் அந்த வடத்தை இழுத்துக்கொண்டு கடலைப் பெருக்கிக்கொண்டே போகும், ஜெர்மன்காரன் போட்டுவிட்டுப் போன கண்ணிவெடி வடத்தில் மாட்டி மேலே வந்தால் துப்பாக்கியால் சுட்டு வெடிக்க வைப்பார்கள். வடத்தில் மாட்டாமல் கப்பலின் அடிவயிற்றில் மாட்டினால் ஆயிற்று, தீர்ந்தது கதை. ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு இல்லை, நேற்றுப் பெருக்கிய இடத்தையே இன்று மறுபடி பெருக்க வேண்டும், ஏனென்றால் அவன் மறுபடி போட்டிருப்பான். தினமும் மாலையில் தெருப் பெண்கள் எல்லோரும் கப்பல்கள் வந்து போகும் துறைமுக மதகடியில் போய் நின்று எண்ணுவோம், போனது எட்டு, வந்தது ஏழு, வராதது எது என்று புகைக்கூண்டின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்போம். அக்டோபரில் மட்டும் எங்கள் தெருவில் மூன்று வீடு. பத்திரிகையில் பார்த்தால் வட கடலில் சிறு கப்பல் ஒன்று என்று இரண்டு வரி, அதுவும் பத்து நாள் கழித்து. மீன் வாடையே இல்லாத கிரிம்ஸ்பியை நீ நினைத்துப் பார்க்க முடியுமா? போன வாரம் ஒரு ஹாடக் மீனுக்காக அரை மைல் நடந்து வெறுங்கையோடு வந்தேன்.

ஆண்பிள்ளை கடலுக்குப் புறப்படுகிற நாளில் வீட்டில் துணி துவைக்கக் கூடாது என்று உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. துவைத்தால் அவனையும் சேர்த்து அலசி விட்டதாக ஆகும். சின்ன வயதில் நீ இதைக் கேட்டுச் சிரிப்பாய், சிரித்துக்கொண்டே கடலே இல்லாத ஊராகப் பார்த்து வாழ்க்கைப்பட்டாய், அன்றைக்கு உன்னைத் திட்டினேன், இப்போது ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். முன்பெல்லாம் எந்த நாள், கடல் நீர் ஏறும் எந்த ஓதத்துக்குக் கப்பல் கிளம்பும் என்று மூன்று நாள் முன்னாலேயே தெரியும், அந்த நாளில் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவோம். கடற்படைக்காரன் வந்த பிறகு புறப்படும் நாள் ரகசியம். பெற்றவளிடமும் சொல்லக் கூடாது, கட்டியவளிடமும் சொல்லக் கூடாது, பல நேரம் போகிறவனுக்கே தெரியாது. பயந்து போய் எங்கள் தெருவில் பாதிப் பேர் துவைப்பதையே நிறுத்திவிட்டார்கள், சபைக்குப் போய் உட்கார்ந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபம் செய்ய வேண்டியிருந்தது.

மேபலைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். போன வருஷம் ரூபென் கட்டிக்கொண்டு வந்த பெண், மேட்டுப் பக்கத்துப் பண்ணையில் கோழியும் வாத்தும் மேய்த்தவள், கடலென்றால் கொஞ்சம் பெரிய குளம் என்று நினைப்பு. ஆனால் நல்ல பெண், வாய்விட்டுச் சிரிக்கிறவள், உன் கடிதம் வந்தால் என்னைவிட முன்னால் அவள்தான் வாசலுக்கு ஓடுவாள். இந்த வழக்கத்தையெல்லாம் நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். நவம்பர் ஏழாம் தேதி சனிக்கிழமை ரூபென் வீட்டுக்கு வந்தான், புதன்கிழமை வரை இருப்பான் என்று நினைத்திருந்தோம். திங்கட்கிழமை விடியும் முன்பே ஆள் வந்து கூப்பிட, பூட்ஸை மாட்டிக்கொண்டே மேபலிடம், "கரி ஏத்தத்தான் கூப்பிடுறாங்க, சாயங்காலம் டீக்கு வந்துடுவேன், அம்மா எந்திரிச்சா சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நான் எழுந்து வலை பின்னும் கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமைதானே துவைக்கும் நாள், அவனும் டீக்கு வருகிறான், இவள் அவனுடைய ஐந்து சட்டையையும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள்.

மத்தியானம் நான் திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு பிளான்ச்சர்ட் அம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்ன கெசியா, உன் பையன் கப்பல் மதகைத் தாண்டிப் போயிடுச்சே, நீ என்னடான்னா கொடி நிறையத் தொங்க விட்டிருக்கே" என்றாள். ஐந்து சட்டையையும் பிடுங்கி முற்றத்துக் கரிச்சேற்றில் எறிந்தேன், காலாலும் மிதித்தேன், எதற்கு மிதித்தேன் என்று கேட்காதே. மேபல் ஓடி வந்து, "டீக்கு வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு அத்தே" என்று அழுதாள். "கடல் போட்டுக் குடுக்கும்டி அவனுக்கு டீ" என்று நான் சொன்னேன். பெற்ற வாயால் சொன்னேன், செலீனா. அவனுக்காகப் போட்ட டீயை அவள் இறக்கி வைக்காமல் அடுப்போரத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இருட்டும் வரை.

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. புதன்கிழமை அவளுக்கு இடுப்பு வலி, ஆறாவது மாதம் அல்லவா, எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தாள். சட்டைகள் கூடையில் விறைத்துக் கிடந்தன. போனவன் போய் இரண்டு நாள் ஆயிற்று, இனித் துவைத்தால் என்ன குற்றம் என்று நினைத்தேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, கர்ப்பிணிப் பெண்ணை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று. வாயால் மன்னிப்புக் கேட்க எனக்கு என்றைக்கு வந்தது, அதனால் கையால் கேட்போம் என்று தண்ணீரைக் கொதிக்க வைத்து ஐந்தையும் நானே துவைத்தேன். நாலு தண்ணீரில் அலசினேன். வேலை நடக்க ஒரு பாட்டுக்கூடப் பாடினேன். மூன்று சட்டையில் கரிக்கறை போகவில்லை.

சனிக்கிழமை காலை போதகரும் துறைமுக அலுவலகத்து ஆள் ஒருவரும் வந்தார்கள். வியாழக்கிழமை கடலில் கண்ணிவெடி வெடித்தது, கப்பலின் ஒன்பது பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றார்கள். உன் அப்பா போனபோதும் இதே வாசற்படியில்தான் சொன்னார்கள், அப்போது நான் கத்தவில்லை, உனக்கும் ரூபெனுக்கும் கஞ்சி காய்ச்சினேன், ஞாபகம் இருக்கும். இந்தத் தடவை கத்தினேன். தெருவே கூடியிருந்தது. மேபலைக் காட்டி, "இவதான், இவதான் என் புள்ளையை அலசி விட்டா" என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "மாமா போன அன்னைக்கு நீங்க துவைச்சீங்களா அத்தே? இல்லைதானே? அப்போ அவரு ஏன் வரலை?" என்று கேட்டாள். அவளைக் கன்னத்தில் அறைந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரியை, புருஷன் செத்த செய்தி வந்த அரை மணி நேரத்தில். ஒருத்திகூட என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அன்றைக்கெல்லாம் அவள் யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் கதவைச் சாத்தினார்கள், பிளான்ச்சர்ட் அம்மாள் காறித் துப்பினாளாம். மறுநாள் அவள் அண்ணன் வண்டி கொண்டுவந்து அழைத்துப் போய்விட்டான். வண்டி ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது கேள். போன மாதம் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, ஆம்ப்ரோஸ் வந்தான். ரூபெனுடைய கப்பலோடு ஜோடியாகப் போன கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன், கையில் கட்டுப் போட்டிருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் சொன்னான். கடல் நீர் இறங்கும் நேரம், கண்ணிவெடி நீர்மட்டத்துக்கு அருகே வந்திருந்தது, ஒரே சத்தம், வடத்தின் அந்தப் பக்கம் திடீரென்று கனமே இல்லை என்றான். பிறகு பேச்சோடு பேச்சாக, "பாவம்மா அவன், திங்கக்கிழமை கிளம்பியும் ஒரே பனிமூட்டம், ஆத்து வாயிலேயே ரெண்டு கப்பலும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நாளு நங்கூரம் போட்டுக் கிடந்தோம், ஊர் விளக்குக்கூடத் தெரியலை. டீ ஆறிப்போகும்டா, பொண்டாட்டி திட்டுவாடான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தான்" என்றான். அப்படியானால் கடலுக்குப் புறப்பட்டது என்றைக்கு என்று கேட்டேன். "புதன்கிழமைம்மா" என்றான். நன்றாக ஞாபகப்படுத்திச் சொல் என்றேன். "புதன்தாம்மா, காலைல எட்டு மணிக்குக் கொடி ஏத்திக் காட்டுனாங்க, அப்பதான் கிளம்புனோம்." மூன்றாவது தடவையும் கேட்டேன், துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து என் கையைத் தடவிக் கொடுத்தான். புதன்கிழமை எட்டு மணிக்கு என் முழங்கை வரை சோப்பு நுரை.

நானும் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன், மகளே. வழக்கம் மெய்யென்றால் என் பிள்ளையை நாலு தண்ணீரில் அலசி விட்டது நான். வழக்கம் பொய்யென்றால் ஒன்றும் அறியாத பெண்ணைத் தெருவில் நிறுத்தி அடித்தது நான். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் நான்தான் இருக்கிறேன். மறுநாளே பிளான்ச்சர்ட் அம்மாளிடமும் மற்றவர்களிடமும் சுவரோரமாக நின்று சொல்லிவிட்டேன், மேபல் இல்லை, நான்தான், புதன்கிழமை நான்தான் துவைத்தேன் என்று. காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். "சும்மா இரு கெசியா, அதெல்லாம் பழங்காலத்துப் பேச்சு, தண்ணிக்கடியில கிடக்கிற வெடிக்குத் தெரியுமா நீ என்னிக்குத் துவைச்சேன்னு" என்று சொல்லி பிளான்ச்சர்ட் அம்மாள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இந்த வார்த்தையை அந்தப் பெண்ணிடம் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லையே, எனக்கும்தான் வரவில்லையே. அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை மேபலுக்கு எல்லாவற்றையும் எழுதினேன், அவன் டீயைப் பற்றிச் சொல்லிச் சிரித்ததையும் எழுதினேன். இன்று காலை பதில் வந்தது. ஒரு அட்டை, இரண்டே வரி. "சட்டைகளை அனுப்பவும். பிள்ளைக்கு வெட்டித் தைக்க வேண்டும். மேபல்." மன்னித்தேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை, அத்தை என்றும் இல்லை. பிள்ளைக்குப் போடப் போகிற துணியை அந்தக் கறையோடு எப்படி அனுப்புவது, எல்லாம் நான் மிதித்த கறை. திங்கட்கிழமைதானே என்று தொட்டியை நிமிர்த்தி, தண்ணீரைச் சுட வைத்து, சோப்பைச் சீவிப் போட்டு, சட்டையைக் கையில் எடுத்தபோது மதகுப் பக்கமிருந்து சங்கு ஊதியது. இன்று கிளம்புகிறது எவள் பிள்ளையோ. நாளைக்குத் துவைக்கலாம் என்றால் நாளைக்கு வேறொருத்தி பிள்ளை, அதற்கு அடுத்த நாள் இன்னொருத்தி பிள்ளை. இந்தச் சண்டை முடிகிற வரை எனக்குத் துவைப்பதற்கு ஒரு நாள்கூட இல்லை, செலீனா. அடுப்பை அணைத்துவிட்டேன். தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை பட்டாளத்தில் சேருகிறேன் என்று பேச்செடுத்தால் சண்டை போடு, அழு, பூட்ஸை ஒளித்து வை, அம்மா சொன்னாள் என்று சொல். டோராவின் இருமலுக்கு வாத்துக் கொழுப்பை நெஞ்சில் தடவி ஃப்ளானல் துணி சுற்று, உங்கள் ஊர்க் குளிரை நம்பாதே. என்னைப் பார்க்கப் புறப்பட்டு வருகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே, நடுவில் இருப்பது கடல். மேபலுக்கு நீ ஒரு கடிதம் போடு, உன்மேல் அவளுக்குப் பிரியம். எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், சும்மா ஊர் நலம் விசாரித்து எழுது, பிள்ளை பிறந்தால் ஒரு வரி எனக்குத் தெரிவிக்கச் சொல். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும்.

சட்டைகளை அப்படியே மடித்துக் கட்டிவிட்டேன், மூன்றில் கறை இருக்கிறது. மேபல் தன் ஊர்க் கிணற்றடியில் துவைத்துக்கொள்ளட்டும். அந்த ஊரிலிருந்து யாரும் கடலுக்குப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
கெசியா