ஏழுமாடத்துப் பூங்கோதை திறந்த சாளரம் குறித்து

முப்புறமும் கடல் காவல் நிற்க, செம்பாறை நாட்டைத் தம் குடைநிழலில் வைத்து ஆளும் அரசி தேமொழியார் திருவாய் மொழிந்தபடி, அறங்கூறவைக்குத் தலைமை தாங்கும் அமைச்சன் வயலூர் அரங்கவேள், நீலவாய்ப் பட்டினத்து நகரத் தலைவர் கடம்பனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் பழுதின்றி வந்து சேர்க. உம் கிணறுகளில் உவர் ஏறாதிருக்க. உம் மனையில் உள்ளாரும் உம் காவலில் உள்ளாரும் நோயின்றி வாழ்க.

நிற்க. ஏழு அடுக்குக் குடியிருப்பான ஏழுமாடத்தின் மூன்றாம் நிலையில் குடியிருக்கும் பூங்கோதை என்பாள் பொதுச்சுவரை இடித்தாள் என்றும், அதற்காக அவளையும் அவள் கணவனையும் வெளியேற்ற மாடச் சபையார் முடிவு செய்தனர் என்றும், நீரும் அதற்கு உடன்பட்டு அரசியாரின் இசைவை வேண்டியிருந்தீர். அவையோர் பலரும் அத்தண்டனை தகும் என்றே கருதினர். அரசியார் மட்டும், குடியிருக்கும் வீட்டை வீம்புக்கு இடிப்பவள் எவளேனும் உண்டோ என்று கேட்டு, நேரில் சென்று அறிந்துவர என்னைப் பணித்தார். நீர் தீவுக் காவலுக்குக் கலம் ஏறியிருந்த வேளையில் நான் உம் பட்டினத்தை அடைந்தேன். அங்கு நடந்ததை நீர் என் வாயிலாக அறிவது முறை.

பூங்கோதையின் கணவன் ஆதன் சங்கு அறுப்பவன். ஆண்டுக்கணக்கில் சங்குத்தூளைச் சுவாசித்து மார்பு நைந்தவன். இன்று எழுந்து நடக்கவும் வலுவற்றவன். இவ்விருவரும் முன்னர்ப் புன்னை வீதியில் வாழ்ந்தனர். அவ்வீதியின் வழக்கத்தை நீர் அறிவீர். அங்கு மனை அவரவருடையது. மனை நிற்கும் மண்ணும் சுவரும் கூரையும் அவரவருடையன. வீதி வாயிலும் குளமும் புன்னை வரிசையும் மட்டுமே எல்லார்க்கும் பொது. வீதியின் அழகு கெடாதபடி வீட்டு முகப்பு இன்னவாறு இருக்க வேண்டும் என்று வீதிச் சபையார் விதிப்பர். உள்ளே இடிப்பதையும் கட்டுவதையும் ஒருவரும் வினவார். ஒருமுறை பூங்கோதை தன் முகப்புக்கு மஞ்சள் பூசினாள் என்றும், சபையார் வந்து சொன்னதும் முணுமுணுக்காமல் வெள்ளையடித்தாள் என்றும் பழைய அயலார் எனக்குச் சொன்னார்கள்.

பின்னர்க் கடல் உள்ளேறி அவ்வீதியின் தென்புற வீட்டு வரிசையைக் கொண்டுபோயிற்று. மண் தனக்கே உரியது என்றிருந்தவளுக்கு, மண் போனபோது அந்த இழப்பும் தனக்கே உரியதாயிற்று. அயலார் கண்ணீர் விட்டனர். ஆயினும் வேறொருவரின் வீட்டை எடுத்துக் கட்டித் தரும் கடமை அங்கு எவர்க்கும் இல்லை. அரசியார் இரங்கி, மனையிழந்தோர்க்கு ஏழுமாடத்தில் வீடுகள் அளித்தார். உம் அலுவலர் திறவுகோலைக் கையில் கொடுத்து, இது இனி உன்னுடையது என்று சொல்லி அனுப்பினர்.

இது என்பது எது என்று மட்டும் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஏழுமாடத்தில் ஒருவருக்கு உரியது நான்கு சுவர்களுக்கு உள்ளே இருக்கும் இடமே என்பதும், சுவரும் தளமும் படியும் அடிநிலமும் அங்குள்ளார் அனைவர்க்கும் பிரிக்கவொண்ணாத பொதுவுடைமை என்பதும் நீரும் நானும் அறிந்தவை. அவளோ புன்னை வீதியின் முறையையே இங்கும் நம்பினாள். அவளுடைய முன்சாளரம் கொல்லர் உலைகளை நோக்கியது. உலைப்புகையில் ஆதனுக்கு மூச்சு முட்டியது. பின்சுவருக்கு அப்பால் கடற்காற்று. சுவரில் துளையும் இல்லை. அவள் வாய்மொழியை அவள் சொன்னவாறே எழுதுகிறேன்.

"முகப்புல கைய வச்சாத்தான் சபையில கேப்பாங்கன்னு நெனச்சேன் ஐயா. அதான் யாரு கண்ணுக்கும் படாத பின்பக்கமாப் பாத்து இடிச்சேன். அந்த மனுசன் மீன் மாதிரி வாயத் தெறந்து தெறந்து மூடுறாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கவா? எஞ் சொவருன்னுதான் இடிச்சேன்."

விதியை மீற எண்ணியவள் பேசும் பேச்சன்று அது. தான் அறிந்த விதியைக் கவனமாகக் காத்தவள் அவள். ஆனால் அந்த விதி இந்த மாடத்திற்கு உரியதன்று.

அந்தப் பின்சுவர் மேலுள்ள நான்கு நிலைகளையும் தாங்குவது. சாளரம் திறந்த சில நாட்களில் வெடிப்பு மேலேறி, நான்காம் நிலையில் நெசவாட்டி நாகையின் வீட்டை எட்டியது. ஒரு நண்பகலில், அவள் கைக்குழந்தை உறங்கும் தொட்டிலுக்கு அருகே சுவரின் காரை பெயர்ந்து விழுந்தது. குழந்தைக்கு ஊறு இல்லை. ஆயினும் நாகை படியிறங்கி வந்து கூவிய கூச்சலைக் கொல்லர் தெருவே வேலையை நிறுத்திக் கேட்டதாம். அவளையும் அழைத்துக் கேட்டேன்.

"அவ வீட்டுக்காரருக்காக அவ இடிச்சா. சரி. அந்தக் காரை எம் புள்ள தலையில விழுந்திருந்தா நான் யாருகிட்டப் போயி நிக்கிறது ஐயா?"

பூங்கோதை நாகையின் குழந்தையை நோக்கிக் கை நீட்டி, தொடத் துணியாமல் மடக்கிக்கொண்டாள். நாகை அதைக் கண்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தச்சரையும் கொத்தரையும் கூட்டிச் சுவரைக் காட்டினேன். மழைக்கு முன் அதை அடைத்தே ஆகவேண்டும் என்று அனைவரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அடைக்கவே ஆணையிட்டேன். பூங்கோதை வாதாடவில்லை. அடைத்தபின் அவர் எப்படிப் படுப்பார் என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு, நான் எதிர்பாராத இடத்திலிருந்து விடை வந்தது. நாகை எவரையும் பாராமல் பேசினாள்.

"மேல்மாடத்தத் தெறந்துவிடச் சொல்லுங்க ஐயா. ஊருக்காத்தெல்லாம் அங்கதான் கெடக்கு. பூட்டி வச்சிருக்காங்க."

ஏழாம் நிலைக்கு மேலுள்ள வெளி அது. திறவுகோல் சபைத் தலைவரான கயிற்று வணிகர் கொற்றனிடம் இருந்தது. அவரை வரவழைத்தேன். அவர் மறைக்கவில்லை. "கைப்பிடிச் சுவரு தாழ்வா இருக்கு, புள்ளைங்க விழுந்துரும்னுதான் பூட்டினேன் ஐயா. அப்புறம் எங் கயிறுகள அங்க காயப் போட ஆரம்பிச்சேன். போகப் போக அது எம் எடம் மாதிரியே ஆயிப்போச்சு" என்று தலை கவிழ்ந்து சொன்னார். அவர் கொடியவர் அல்லர். தம்முடையது அல்லாததைத் தம்முடையது என்று எண்ணும் பிழையைப் பூங்கோதை சுவரில் செய்தாள்; அவர் மேல்வெளியில் செய்தார். அவள் செய்தது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே மாடச் சபையார் முன்னிலையில் பூங்கோதைக்கு விளக்கினேன். சுவர் உனக்கு மட்டும் உரியதன்று, ஆதலால் நீ அதை இடித்தல் கூடாது. அதே முறையால் மேல்வெளி கொற்றனுக்கு மட்டும் உரியதன்று, ஆதலால் அவர் உன்னை அங்கிருந்து விலக்குதலும் கூடாது. அடிநிலம் முதல் உச்சி வரை ஒவ்வொரு கல்லிலும் இங்குள்ள எல்லாரோடும் உனக்கும் பங்குண்டு என்றேன். அவள் நம்பாதவள் போல என்னைப் பார்த்தாள். "மொட்டமாடியிலயுமா ஐயா?" என்று கேட்டாள். அதிலும்தான் என்றேன்.

மறுநாள் காலை ஆதனை நாற்காலியில் அமர்த்தி, நாகையின் கணவனும் கொற்றனின் மக்களுமாய்ச் சேர்ந்து மேலே சுமந்து சென்றனர். நானும் பின்னே ஏறினேன். கதவு திறந்ததும் கடற்காற்று அவன் மேலாடையைப் புடைக்கச் செய்தது. அவன் கண்மூடி, வாய்மூடி, மூக்கால் மூச்சிழுத்தான். வாய் மூடி அவர் மூச்சுவிட்டுப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று பூங்கோதை என் அருகே நின்று அழுதாள். சற்றுப் பொறுத்து அவன் அச்சத்தோடு கண் திறந்தான்.

"இது யாரு எடம்? எறங்கச் சொல்லிருவாங்களா?"

பூங்கோதை விடை சொல்லத் தயங்கி நாகையைப் பார்த்தாள். இடுப்பில் குழந்தையோடு வந்திருந்த நாகை, கயிற்றுச் சுருள்களைக் காலால் ஒதுக்கி அவன் நாற்காலிக்கு நிழல் விழும் இடம் செய்தாள்.

"ஒங்க எடந்தாண்ணே. எங்களுதும்தான். சும்மா இருங்க" என்றாள்.

கடம்பனாரே, இதையெல்லாம் அரசியாரிடம் சொன்னேன். கேட்டு அவர் இட்ட ஆணை இது. வெளியேற்றும் தீர்ப்பு இவ்வோலை உம் கைப்பட்ட அப்பொழுதே அற்றது. சுவரை அரண்மனைக் கொத்தர் அடைத்துத் தருவர். பூங்கோதையிடம் தண்டம் கொள்ளற்க. மேல்மாடக் கைப்பிடிச் சுவர் ஆளுயரம் எழும்பட்டும். அங்கு ஓர் ஓலைப் பந்தலும் அமையட்டும். ஆதன் உயிரோடு உள்ளவரை, காலையில் ஏற்றவும் மாலையில் இறக்கவும் உம் கோட்டைப் பல்லக்குச் சுமப்போர் செல்லட்டும். இனி எவர்க்கேனும் மனை அளிக்கும்போது, வீதியாயினும் மாடமாயினும், இன்னது உமது, இன்னது பொது என்று அவர்க்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டிய பின்னரே திறவுகோலைத் தருக.

கொற்றனைத் தலைமையிலிருந்து நீக்க வேண்டா. குழந்தையை எண்ணி இழந்த உறக்கத்திற்காக நாகையிடம் நீரே நேரில் சென்று அரசின் வருத்தம் தெரிவிப்பீராக.

செம்பாறை நாட்டு இரட்டைச் சங்கு இலச்சினை இட்டு, அரசியார் திருமுன் எழுதி முடித்தோம். இதை மாடத்து அடிநிலையில் யாவரும் கேட்க உரக்கப் படிப்பிப்பீராக. மேல்மாடக் கதவின் பூட்டை இவ்வோலை கொணர்ந்தவன் கையிலேயே எமக்கு அனுப்பி வைப்பீராக. அது இனி அங்கு வேண்டா.