கூரையில் இரண்டு பூ குறைகிறது

ஹவானா,
மார்ச் 9, 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் யுனைசி எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மோவாவில் சுரங்கத் தூசி கண்ணை எரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது ஆகஸ்டில் வந்த கடிதம். இப்போது தேவலையா?

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரி மழையில் பின்கட்டு மாடி நடைபாதை இடிந்து விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு, வீட்டையே இடித்துவிட்டுப் பதினொரு குடும்பங்களையும் ஊருக்கு வெளியே அலமார் அடுக்குமாடிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. காப்பாற்றத் தகுந்தது உள்ளே ஏதாவது இருந்தால் மட்டும் முட்டுக் கொடுத்துப் பழுது பார்ப்பார்களாம்.

முன்கூடத்து ஃபெர்மினா அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். "அலமார்ல குழாயத் திறந்தா தண்ணி வரும்டி. இங்க மழை பெஞ்சாத்தான் வருது, அதுவும் கூரை வழியா" என்று சிரிக்கிறாள். அம்மாவும் போகலாம் என்கிறாள். போன ஞாயிறு துணி பிழிந்துகொண்டே, "அங்க போயிட்டா உங்கப்பனுக்கு விலாசமும் தெரியாது. நல்லதாப் போச்சு" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள்.

அதைப் பார்த்து எழுதிப் போகச் சென்ற செவ்வாய் கிராசியேலா என்ற கட்டடக்கலைஞர் வந்தார். வெள்ளை முடி, ஆண்கள் போடும் சப்பாத்து. வாசலில் நுழைந்தவர் படிக்கட்டின் கீழேயே நின்றுவிட்டார். ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்து நானும் பார்த்தேன். அவர் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தினம் தண்ணீர் வாளியோடு ஏறும் படி. நடுவில் தேய்ந்த பளிங்கைக் கையால் தடவி, "எத்தனை கால் பட்டிருக்கு பாரு! வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். நான் பின்னாலேயே போனேன். தூண்கள் கிரேக்க மாதிரியாம். முற்றத்து வளைவுகள் வட ஆப்பிரிக்காவின் மூர்கள் கட்டும் விதமாம். சுவர்ப் பூவேலை பிரெஞ்சு. கதவுக்கு மேலே விசிறிபோல் இருக்கும் வண்ணக் கண்ணாடி மட்டும் நம் ஊருக்கே உரியதாம். இந்த வெயிலை அப்படியே உள்ளே விட்டால் கண் கூசும் என்று அதைக் கலர் கலராக உடைத்து விடுகிறார்களாம். "கட்டின சர்க்கரை வியாபாரிக்கு எதை விடுறதுன்னு தெரியல. எல்லாம் வேணும்னு கேட்டிருக்கான். கொத்தனாருங்க எல்லாத்தையும் சண்டை போடாம நிக்க வச்சுட்டானுங்க" என்றார். அப்போது பத்து மணி. நீலமும் சிவப்பும் ஃபெர்மினாவின் அடுப்பு மேல் விழுந்திருந்தன. பதினாறு வருஷமாக அந்த வெளிச்சத்தில் நடக்கிறேன் அப்பா. அது வீட்டின் வேலை என்று எனக்குத் தெரியாது. வெயிலின் வேலை என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் நம் அறைக்கு வந்தார். நான் படுக்க நீங்கள் கட்டிய பரணின் அடிப்பலகைகளைத்தான் பார்த்தார். வெள்ளையடித்த பலகை கூரையை மறைக்கிறது. "சிறப்பாக ஒன்றுமில்லை" என்று எழுதத் தொடங்கினார். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல முடியாமல்தான் எட்டாவதோடு நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியுமே. ஆனாலும் வாயைத் திறந்தேன். "மேலே" என்றேன். ஒரே ஒரு சொல்.

"சுவரு பேசினாலும் இவ பேசமாட்டா, இன்னிக்கு என்ன வந்துச்சு!" என்று ஃபெர்மினா கதவருகில் நின்று கத்தினாள்.

கிராசியேலா சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். என் படுக்கையில் உட்கார்ந்தார். கூரை விளிம்பு கை நீட்டும் தூரத்தில் இருந்தது. அதில் பூவும் பழமுமாகச் சாந்தில் செய்த மாலை ஓடுகிறது; அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். அந்தச் சாந்து மாலையில் திராட்சை இருக்க வேண்டுமாம். எந்த வீட்டிலும் அதுதானாம். இங்கே அன்னாசியும் சீத்தாப்பழமும் கோத்திருக்கிறது. நான் ஓர் இலையைக் காட்டினேன். அதன் மடிப்பில், தரையிலிருந்து யாருக்குமே தெரியாத இடத்தில், செய்தவரின் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. ரேகைகூடத் தெரியும். சின்ன வயதிலிருந்து நான் என் விரலை அதில் வைத்துப் பார்ப்பேன். கிராசியேலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு பாக்கப் போறான்னு இவ்வளவு அழகா செஞ்சான்?" என்று மெதுவாகக் கேட்டார். அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை.

பிறகு சன்னல் பக்கம் பார்த்து, "ஐயோ, உத்திரத்துக்காக ரெண்டு பூவ உடைச்சுட்டாங்களே" என்றார். பரணைத் தாங்க அந்த உத்திரத்தை வைத்தது நீங்கள்தானே; எனக்கு முகம் சுட்டது. அவர் உத்திரத்துக்கும் சுவருக்கும் இடையே கைவிட்டபோது ஒரு பிஸ்கட் தகர டப்பா வந்தது. உள்ளே, நான் பிறந்த வருஷத்துச் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பூவும் இருந்தன. ஓர் இதழ்கூட உதிரவில்லை. மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுத்திருக்கிறீர்கள். பின்பக்கம் பென்சிலால் உங்கள் கையெழுத்து: "சன்னல், இடது." "சன்னல், வலது."

"திரும்ப வைக்கணும்னு நெனச்சு எடுத்த கை இது" என்றார் கிராசியேலா.

அம்மா அவற்றை வாங்கிப் பார்த்தாள். "அந்த ஆளு எதையும் தூக்கி எறியமாட்டான். விட்டுட்டுத்தான் போவான்" என்றாள். பிறகு காப்பி போடப் போனாள். உங்கள் கோப்பையையும் கழுவி வைத்தாள்.

நம் கூரையால் வீடு காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேரும் என்று கிராசியேலா சொல்கிறார். ஆனால் பரணைப் பிரிக்க வேண்டும். அதன் பாரம் சுவரை இழுக்கிறதாம். எனக்காக நீங்கள் கட்டியது அது. நான் வாய் திறந்ததால் போகிறது. மன்னித்துவிடுங்கள். நான் கீழே அம்மாவோடு படுத்துக்கொள்வேன்.

பரண் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஏப்ரல் இருபதுக்குள் அதைப் பிரிக்க உங்கள் சம்மதம் அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வீட்டை இடிப்பதுதான் முடிவு. படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். நேரில் வராமல் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினாலும் செல்லும். உங்களிடம் மறைக்கக் கூடாது என்று இதை எழுதுகிறேன். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

பூக்களை ஒட்டப் பழுது பார்ப்பவர்களிடமே ஆள் இருக்கிறதாம். வேண்டாம், எடுத்தவர் வந்து வைப்பார் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் இரண்டாவது முறை பேசியது அதுதான். டப்பா என் தலையணைப் பக்கம் இருக்கிறது.

வழியெல்லாம் உங்களுக்கு நல்லபடியாக இருக்கட்டும். வாசல் கதவு மழையில் உப்பியிருக்கிறது. தோளால் தள்ளுங்கள், திறக்கும்.

உங்கள் அன்பு மகள்,
யுனைசி