கொல்லங்கோடு இப்போது கேரளம்

திருப்பூர், 12-11-1956

அன்புள்ள அப்பாவுக்கு வேலாயுதன் வணக்கம். அம்மாவின் இருமல் குறைந்ததா?

நம் கொல்லங்கோடு கேரளத்தோடு சேர்ந்ததிலிருந்து இங்கே யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். பனியன் கம்பெனி மேஸ்திரி கந்தப்பன் புது மாநிலப் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"கண்ணு, நீ கொல்லங்கோடா?"

வேலையை விட்டு நிறுத்தத்தான் கேட்கிறார் என்று பயந்து, "இல்லீங்க, பொள்ளாச்சிங்க" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "எம் புள்ளைய அங்க கட்டிக் குடுத்திருக்கறேன் சாமி. இப்ப அது வேற ராஜ்ஜியமாமா. போற ஆள் கெடச்சா நெய் குடுத்துடலாம்னு பாத்தேன்."

உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் அவர் தரும் நெய்யோடு வருகிறேன். எல்லையில் பிடுங்கிக்கொள்வார்களா, விசாரியுங்கள். இங்கே சோறு இறங்கவில்லை. யாராவது வந்தால் மோர்மிளகாய் கொடுத்தனுப்புங்கள்.

சங்கு ஊதிவிட்டது. இந்தக் கடிதத்தை யாரும் பிரிக்காமல்தான் கொண்டுவந்து கொடுத்தார்களா? அதை மட்டுமாவது உடனே எழுதுங்கள்.

உங்கள் மகன்,
வேலாயுதன்