நீர்மகளின் பின்னால் ஒரு படகு

இஞ்சேருங்கோ,

பதில் வராது என்று தெரிந்தும் உங்களிடம்தான் கேட்க வருகிறேன். நீங்கள் கண்மூடியபோது பாதியில் நின்ற ஓவியத்தை, பழைய படங்களைத் துடைத்துப் புதுப்பிக்கும் நம் பட்டறை முதலாளி இப்போது என்னிடம் தந்திருக்கிறார். பரோக் காலத்து ஐரோப்பியப் படம், முந்நூறு வருடத்துக்கும் மேல் பழையது. நிலம், நீர், நெருப்பு, காற்று நான்கையும் பெண்களாக வரைந்த வரிசையில் நீராக வந்தவள். அவள் சாய்த்த குடத்திலிருந்து ஆறு பெருகுகிறது. காலடியில் மீன்கள், சங்குகள்.

"உன் கணவர் வானத்தைச் சுரண்டிக் கெடுத்துவிட்டார்," என்றார் முதலாளி. நீங்கள் துடைத்த இடத்தில் ஒரு பழுப்புக் கீற்று தெரிந்தது. வண்ணம் உரிந்து, துணிக்கு முதலில் பூசிய அடிப்பூச்சு வெளியே வந்துவிட்டது என்பது அவர் கட்சி.

கடைசி வாரங்களில் உங்கள் கை நடுங்கியது எனக்கு மட்டும்தானே தெரியும்? அதைப் பட்டறையில் சொல்லாமல் மறைத்தவளும் நான்தானே? "உந்த இருட்டுக்குள்ள ஏதோ இருக்கு, வந்து பாரும்," என்று ஒருநாள் இந்தப் படத்தருகே நின்று கூப்பிட்டீர்கள். வேலை இருக்கிறதென்று நான் வரவில்லை. ஏன் வராமல் இருந்தேன்?

டன்டாஸ் தெரு டிராமில் போகும்போதெல்லாம் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மகள் கேட்டாள்: "அம்மா, அப்பா பிழை விட்டிட்டாரோ?"

"தெரியேல்லைப் பிள்ளை," என்றேன். அப்படிச் சொன்னதற்கு என்னை மன்னிப்பீர்களா?

ஒன்பது நாட்கள் பஞ்சுக் குச்சியால் நகமளவு நகமளவாகத் துடைத்தேன். வானத்துக்கு அடியில், படத்தை முடித்தபின் கடைசியாகப் பூசும் வார்னிஷ் மஞ்சளேறி வந்தது. அப்படியென்றால் வானம் பிறகு யாரோ பூசியது! வார்னிஷுக்குக் கீழே உங்கள் பழுப்புக் கீற்று நீண்டு ஒரு பலகையானது. பலகை, கவிழ்ந்த படகானது. அதைப் பற்றிக்கொண்டு இரண்டு பேர். வாழவைக்கும் தண்ணீரையும் கொல்லும் தண்ணீரையும் ஓவியன் ஒன்றாகவே வரைந்திருக்கிறான்.

முதலாளி பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். "உன் கணவர் எதையும் கெடுக்கவில்லை," என்றார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

ஆனால் படத்தின் சொந்தக்காரருக்குப் படகு பிடிக்கவில்லை. விருந்து வைக்கும் அறையில் சாகிறவர்கள் எதற்கு, திரும்ப மூடிவிடுங்கள் என்கிறாராம். என்னால் முடியாது என்றேன். நாளைக் காலைவரை யோசிக்கச் சொன்னார் முதலாளி. வேலை போனால் இந்தக் குளிரில் பிள்ளையோடு என்ன செய்வேன்?

இருந்தாலும் நாளையும் முடியாதென்றே சொல்வேன். வேறு யாராவது மூடுவதற்குள், வானத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை முதலில் கண்டது யார் என்று பட்டறைப் பதிவேட்டில் உங்கள் பெயரோடு எழுதி வைப்பேன். இது சத்தியம்.

கூப்பிட்டபோது வராத,
உங்கள் மனைவி
கமலா