எட்டுப் பிள்ளைகளின் தாடையும் என் மகனின் தாடையும்

நாள் 3127. காலை 06:10
எழுந்ததும் முதலில் உணவுக்கூடத்தின் காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். துணுக்கு இல்லை. செவ்வாய்க் கோளில் இந்த நிலையம் தொடங்கியதிலிருந்து எல்லோருக்கும் கூழ்தான். கடிக்கும்படியான எதுவும் கூடாது. பொடி பறந்து வடிகட்டியை அடைத்தால் காற்று நிற்கும். அந்த விதியை எழுதியவள் உணவு அதிகாரி ஜெசிந்தா, நான்.

09:40
இங்கே பிறந்த ஒன்பது பிள்ளைகளின் தாடைப் படங்களை மருத்துவர் அனுப்பினார். எட்டுப் பேருக்குத் தாடை குறுகல், பல்மேல் பல். எட்டு வயது தாமிராவுக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருகிறது. பரம்பரை என்கிறார். நாளை நான்கு பற்களைப் பிடுங்கப் போகிறார். பல் வரிசையாகலாம். தாடை அகலாது, மூச்சும் சீராகாது. மெல்லாததால் வளராத தாடை என்று அவருக்குத் தெரிந்தால், எலும்பு இளசாக இருக்கும்போதே கம்பி வைத்து அகட்டலாம்.

11:15
பனிச்சுரங்க முகாமிலிருந்து தாமிராவின் அம்மா செல்வகனி அனுப்பிய குரல்:
"ஜெசிந்தாக்கா, கேக்குதா? டாக்டரு பரம்பரைன்னுட்டாரு. எங்க வீட்டுல அத்தன பேருக்கும் கரும்பு கடிக்கிற பல்லுக்கா. எல்லாம் இவ அப்பன் வழி. நேத்து அந்த மனுசன வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். பாவம், வாயே தெறக்கல. தெறந்தா கோணப்பல்லுல்ல தெரியும்! ஒங்க அகிலனுக்குப் பாருங்க, செங்கல் அடுக்குன மாதிரி. குடுத்து வச்சவுக நீங்க."
"சிலருக்கு அப்படி அமையும்" என்று பதில் அனுப்பினேன்.

15:20
அமையவில்லை. பசுங்கூடத்தில் அறுத்தெறியும் சோளத்தட்டையை உரித்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பல் முளைத்ததிலிருந்து அகிலனுக்குக் கொடுத்துவருகிறேன். சக்கையாகும்வரை மெல்லுவான். இனிப்புக்காகத்தான் கொடுத்தேன். மென்றதால்தான் அவன் தாடை அகன்றது என்று புரிந்த பிறகும் அவனுக்கு மட்டுமே கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் நான்கு நிமிடத்தில் கூழ்க் கிண்ணத்தைக் காலி செய்வதை அறிக்கைகளில் வெற்றி என்று எழுதினேன்.
இதைப் படிப்பவர் என்னை விஞ்ஞானி என்று நினைக்க வேண்டாம்.

18:05
மறுபடியும் செல்வகனி:
"விடிஞ்சதும் வந்துருவேன்க்கா. புள்ள பயந்து கெடக்கா. நாளைக்கு நீங்க கூட நின்னு கையப் புடிச்சுக்கங்க. ஒங்க பேச்சுன்னா கேப்பா."
இரண்டு முறை கேட்டேன்.

18:50
நாளை பல் பிடுங்கும் முன் அகிலனைச் செல்வகனியின் எதிரே நிறுத்தி வாய் திறக்கச் சொல்வேன். எதை மென்று வளர்ந்தான் என்று நானே சொல்வேன். தாமிராவுக்குக் கம்பி. சின்னவர்களுக்கு மென்று தின்ன ஏதாவது.
விதியை மீறியவருக்குப் பிள்ளையோடு ஒரே அறை கிடையாது. தொலைமுகாம்தான். அகிலனிடம் இன்னும் சொல்லவில்லை. யாரிடமும்…
பக்கத்தில் வந்து நிற்கிறான். சோளத்தட்டை வேண்டுமாம். கதவைச் சாத்தட்டுமா என்று அவனே கேட்கிறான்.