ஒரு ஸ்பூன் மாவு

மார்ச் 3, திங்கள்

பத்து மணி நேரம் பஸ். வந்து சேர்ந்தாயிற்று, என் கணவரின் அக்கா வீட்டுக்கு. ஒரு வாரம் பயிற்சி, அடுத்த திங்கள் தேர்வு. பதினோரு வருடமாக உதவி லிஃப்ட் மெக்கானிக்; தேறினால் புது மாடல்களுக்கு நானே பொறுப்பு.

என் பையில் துணியைவிட அரிசிதான் அதிகம். கூடவே குட்டி மின் குக்கர். அண்ணி வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"ஏன், எங்க வீட்ல அரிசி இல்லையா?"

கோதுமை, பார்லி ஆகாது, துளி பட்டாலும் குடல் புண்ணாகும், மூன்று வருடமாக இப்படித்தான் என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புதான் பிடிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பயிற்சிக்கூடக் கேன்டீன். வறுத்த மீனில் மாவு, சாஸில் கோதுமை. "அப்போ வெறும் காய் எடுத்துக்கோங்க மேடம்" என்றார் பரிமாறுபவர், ரொட்டி எடுத்த அதே கையுறையோடு. நன்றி சொல்லிவிட்டு என் டப்பாவைத் திறந்தேன்.

எதிரில் இருந்தவர், "டயட்டா?"

"இல்ல. வியாதி."

தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 6, வியாழன்

மறுபடியும் சோறு, முட்டை, வாழைப்பழம். நாக்கு செத்துவிட்டது. செத்தால் சாகட்டும், குடல் பிழைத்தால் போதும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதியே தீருவேன்.

மதியம் அண்ணி சூப் வைத்தார். "உனக்குன்னே தனியா வெச்சேன். வெறும் காய்தான்." மாவு சேர்க்கவில்லையே என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லை என்றார், இரண்டு தடவையும். ஆறு நாளாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி எனக்கே வெட்கமாக இருந்தது. குடித்தேன்.

இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வயிற்றை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி. குளியலறைத் தரையிலேயே சுருண்டுவிட்டேன்.

"சூப்ல என்ன போட்டீங்க, அண்ணி?"

கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னார். "ஒரே ஒரு ஸ்பூன் கோதுமை மாவு. எல்லாம் மனப்பிரமைதான்னு நெனச்சேன்."

நினைச்சாங்களாம். என் உடம்பை வச்சு நினைச்சுப் பார்த்தாங்களாம்!

இவருக்கு போன் செய்தேன். "அக்கா வேணும்னு செஞ்சிருக்க மாட்டா."

"வேணும்னுதான் செஞ்சாங்க. அவங்க வாயாலயே சொன்னாங்க. நீங்க யார் பக்கம்னு யோசிச்சு வைங்க."

சாயங்காலமே குக்கரைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கூட விடுதிக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தள்ளி வெச்சுக்கலாமே" என்றார். மாட்டேன் என்றேன். லிஃப்ட் பிரேக்கைக் கழற்றித் திரும்பப் பூட்டுவதுதான் தேர்வு. முழுதாகக் கழற்றினேன். திரும்பப் பூட்டும்போது மூன்று தடவை கழிவறைக்கு ஓட்டம். நேரம் முடிந்துவிட்டது.

தோல்வி.

வேலை தெரியாமல் தோற்கவில்லை. காரணத்தை எழுதிக் கொடுத்தேன், மாவு போட்டவர் எனக்கு என்ன உறவு என்பது உட்பட. எதற்கு மறைக்க வேண்டும்?

மார்ச் 14, வெள்ளி

மறுதேர்வு கொடுத்தார்கள். நாலு நாளும் என் கையால் வேகாத எதையும் தொடவில்லை. பிரேக் பூட்டி, சரிபார்த்து, கை துடைத்தபோது இன்னும் ஒன்பது நிமிடம் மீதி.

"கோபத்துல வேலை செஞ்ச மாதிரி இருந்துச்சே?" என்றார் பயிற்சியாளர்.

"கோபத்துலதான் சார்."

தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 15, சனி

பஸ் நிலையத்தில் இவர் நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, "நான் அன்னிக்குப் பேசினது தப்பு. அக்காகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். தலையாட்டினேன். குக்கரை மட்டும் நானே தூக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணி போன். நாலு வாரத்தில் முதல் தடவை.

"இந்த சாஸ் பாட்டில்ல பார்லின்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. ஆகாதுதானே?"

"ஆகாது. யாருக்கு?"

"அடுத்த மாசம் உனக்கு இங்க வேலையாமே. தம்பி சொன்னான்."

"விடுதியில ரூம் போட்டாச்சு."

"தெரியும்." பிறகு மெல்ல, "செஞ்சது தப்புதான். ஒருவேளை சாப்பிட வரக்கூடாதா?"

கோபம் போகவில்லை. போய்விட்ட மாதிரி நடிக்கவும் போவதில்லை.

"வரேன். ஆனா சமையல் நான்தான். நீங்க வெளிய உக்காருங்க."

"சரி. மாவு படாத புதுச் சட்டி ஒண்ணு வாங்கி வைக்கட்டுமா?"

கரண்டியும் வாங்கச் சொன்னேன்.