இறக்கைக்குள் உரசும் குழாய்

தூத்துக்குடி
5.3.2025

அன்பு மகள் ஜெபசுதாவுக்கு அப்பா கிருபாநிதி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். என் தொப்பை கூடுதல் சுகம். நேற்று துறைமுகத்தில் கிரீஸ் வைக்க கிரேன் மேலே ஏறியவன், ஆள் நுழைகிற ஓட்டையில் இடுப்போடு மாட்டிக்கொண்டேன். கீழே நின்ற கூட்டாளி இசக்கிராஜா, "அண்ணாச்சி, அங்கனயே இரியும், சோத்த மேல அனுப்புதேன்" என்கிறான். அரைமணி நேரம். கடைசியில் அந்த கிரீஸைத் தடவித்தான் உருவி எடுத்தார்கள்.

நீ ஏன் போனில் 'ம்' மட்டும் கொட்டுகிறாய்? அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்கிறாள் என்று பேசத் தயங்கினால், எழுது.

அப்பா

பெங்களூரு
11.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

படித்துச் சிரித்தேன். என் சங்கதியும் ஓட்டைதான் அப்பா.

எங்கள் கம்பெனி செய்யும் கிளைடர் விமானத்துக்கு இன்ஜின் கிடையாது. விமானி கைப்பிடியை அசைத்தால், இறக்கைக்குள் ஓடும் நீளக் குழாய் தள்ளி, அதன் பின் ஓரத்துப் பலகையைத் திருப்பும்; விமானம் அந்தப் பக்கம் சாயும். உள்சட்டங்களில் குழாய் போகும் ஓட்டைகளை வரைந்தவள் நான். இறக்கை நேராக இருக்கிறபடியே அளவு கொடுத்தேன். பறக்கும்போது அது மேலே வளையுமே, அதை விட்டுவிட்டேன். போன வாரம் இறக்கை நுனிக்கு ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். குழாய் ஓட்டையின் விளிம்பில் உரசி, கைப்பிடி இறுகிவிட்டது. வானத்தில் இறுகினால் விமானத்தைத் திருப்ப முடியாது.

இறக்கையை ஒட்டி மூடியாயிற்று. இனி அறுத்தால்தான் உண்டு. "தரையில் நன்றாக அசைகிறதே, சோதித்தாயிற்று என்று கையெழுத்துப் போடு" என்கிறார் முதலாளி. மறுத்தால் வேலை போகும். 22ஆம் தேதி அதை முதல்முறை ஓட்டப்போகிற விமானி நயினார் சார் தினமும் எனக்கு டீ வாங்கித் தருகிறார்.

ஞாயிறன்று போனில் கையெழுத்து என்று நான் ஆரம்பித்ததுமே நீங்களும், "எல்லாரும் போடுததுதான, போட்டுட்டுப் போளா" என்றுவிட்டீர்கள்.

ஜெபசுதா

தூத்துக்குடி
14.3.2025

அன்பு மகளுக்கு,

நான் சொன்னதைத் தூக்கிப் போடு. "எம் மக ஏரோப்ளேன் செய்யுதா" என்று சபை முழுக்கச் சொல்லிவைத்திருக்கும் அம்மா பக்கத்தில் இருந்தாள். எனக்கும் வாயில் அப்படியே வந்துவிட்டது.

அறுக்கச் சொல். நயினார் சாரிடம் நீயே சொல்லிவிடு. வேலை போனால் வா. உன் கட்டிலில் காயும் வத்தலை நான் அள்ளி வைக்கிறேன்.

அம்மா காதில் விழக்கூடாதென்று அன்று விழுங்கியது இது. பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு கிரேனின் இரும்புக் கயிற்றைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். மழை. ஏறவே இல்லை. அடுத்த ஏழு மாதம், கயிறு மாற்றும் வரை, அதன் அடியில் நின்று வேலை பார்த்தவன் அம்மாவின் தம்பி, உன் மாமா பெர்சி. ஒன்றும் விழவில்லை. ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறான். நான் அவன் இலையில் கறியை அள்ளி வைத்துக்கொண்டே இருக்கிறேன். "போதும் அத்தான், போதும்" என்பான்.

இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

அப்பா